ரேம்ப்பில் காலில் வண்டி ஏறிவிட்டதா? சாங்கி விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, முதல் நிமிடத்திலிருந்து இழப்பீட்டுப் பணம் வரை

விமானத்தின் சரக்குக் கதவோரம் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தால் என்ன நடக்கும் என்பது ரேம்ப்பில், அதாவது விமானங்கள் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் தளத்தில், வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். வண்டியை அப்படியே நிறுத்திவிடுவார்கள், யாரும் தொடக்கூடாது, இன்ஜினியர் ஓடிவருவார், நாலு பக்கமும் படம் எடுப்பார்கள், ஓட்டியவரைத் தனியே உட்காரவைத்து எழுதி வாங்குவார்கள். அதே வண்டி நம் பாதத்தில் ஏறி இறங்கினால் "நடக்க முடியுதா? சரி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வா, அடுத்த ஃப்ளைட் இருக்கு" என்பதோடு முடிந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் முடிந்தது. கனமழை விட்ட ஒரு மாலை, டிராக்டருக்குப் பின்னால் கோத்திருந்த டோலி (பெட்டகம் ஏற்றும் தட்டு வண்டி) ஒன்று என் இடது பாதத்தில் ஏறியது. மேற்பார்வையாளர் படிவத்தில் "ஈரத் தரையில் வழுக்கினார்" என்று எழுதினார், ஏனென்றால் வண்டி என்று எழுதினால் விசாரணை வரும், ஓட்டியவரின் ஏர்சைடு (விமானங்கள் நடமாடும் பாதுகாப்புப் பகுதி) அனுமதிக்கே ஆபத்து வரும், அவரும் எங்கள் ஆள்தான். நானும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கிளினிக்கில் "கால் வலி" என்று மட்டும் சொன்னேன். நாலு நாள் கழித்துப் பாதத்தில் இரண்டு எலும்பு உடைந்திருப்பது தெரிந்தபோது, வழுக்கியவனுக்கு நசுங்கிய காயம் எப்படி வந்தது என்று காப்புறுதி நிறுவனம் கேட்டது. நியாயமான கேள்விதான். அந்த ஒரு வரியைத் திருத்த ஐந்து மாதம் ஆனது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தில் எழுதியது: கீறல் விழுந்த விமானத்துக்கு என்னென்ன செய்வார்களோ, அத்தனையையும் உங்கள் காலுக்கும் செய்யவையுங்கள். இங்கே சொல்லும் சட்டமும் தொகையும் சிங்கப்பூருக்கு மட்டும். சென்னையிலோ கோலாலம்பூரிலோ ரேம்ப் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் பாதி பயன்படும், பணக் கணக்கு பொருந்தாது.

அடி எங்கிருந்து வருகிறது

சிங்கப்பூரில் வேலையிட மரணங்கள் 2023-இல் 36, 2024-இல் 43. எல்லாத் துறைகளும் சேர்ந்த எண்ணிக்கை இது, அதில் வாகன விபத்து எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. ரேம்ப் என்பது சாலை, தொழிற்கூடம், கிடங்கு மூன்றும் ஒரே இடத்தில் குவிந்த இடம். ஒரு அகலமான விமானத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் டிராக்டர், பெட்டகத்தைக் கதவு உயரத்துக்குத் தூக்கும் ஹை லோடர், பெட்டிகளை ஓடும் பட்டையில் ஏற்றும் பெல்ட் லோடர், உணவு லாரி, எண்ணெய் வண்டி, கழிவுநீர் வண்டி, தண்ணீர் வண்டி என்று வட்டமிடும், ஒவ்வொன்றும் வேறு வேறு நிறுவனத்துடையதாக இருக்கும்.

டோலியைப் பார்த்தால் யாருக்கும் பயம் வருவதில்லை, மெதுவாகப் போகும் தட்டு வண்டிதானே என்று தோன்றும். ஆனால் மேலே இருக்கும் சாதாரண எல்டி3 வகைச் சரக்குப் பெட்டகம் நிறைந்தால் 1,588 கிலோ வரை போகலாம். காலணியின் இரும்பு மூடி விரல்களைத்தான் காக்கும், என் எலும்பு உடைந்தது அதற்குப் பின்னால். அப்புறம் டிராக்டரில் டோலியைக் கோக்கும் கொக்கி மாட்டும் இடம். டிராக்டர் பின்னால் வந்துகொண்டிருக்கும்போதே நடுவில் நின்று கம்பியைக் கையால் தூக்கிப் பிடிப்பது, நேரமில்லை என்று எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். வண்டி முழுசாக நிற்கட்டும், ஓட்டுநர் கை காட்டட்டும், அதற்குப் பிறகு உள்ளே போங்கள்.

இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது. 2025 முதல் சாங்கி ஏர்சைடில் புதிதாகச் சேரும் இலகு வாகனங்கள், ஃபோர்க்லிஃப்ட், டிராக்டர் எல்லாம் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது விதி. புகை இல்லை, நல்லதுதான். ஆனால் பழைய டீசல் டிராக்டர் முதுகுக்குப் பின்னால் வந்தால் தரை அதிரும், மின்சார வண்டி வருவது தெரியாது, அதிலும் காதில் அடைப்பான் வைத்திருப்போம், பக்கத்தில் விமானத்தின் துணை இன்ஜின் அலறிக்கொண்டிருக்கும். காதை நம்பிப் பழகியவர்கள் கண்ணுக்கு மாற வேண்டியிருக்கிறது.

நேரத்தையும் கவனியுங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறோம். எச்சரிக்கை நீங்கிய முதல் அரை மணி நேரம்தான் மோசமானது என்பேன். ஆறேழு விமானம் தேங்கியிருக்கும், தரை ஈரம், கண்ணாடியில் தண்ணீர், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

இடைவார் (சீட் பெல்ட்) பற்றி ஒரு சம்பவம் மட்டும். 2024 பிப்ரவரி 6-ஆம் தேதி ஹாங்காங் விமான நிலையத்தில் இழுவை வண்டியில் உட்கார்ந்திருந்த 34 வயது ஊழியர் கீழே விழுந்து, அதே வண்டி இழுத்துவந்த விமானத்தின் சக்கரத்தில் மாட்டி இறந்தார். அவர் இடைவார் போட்டிருக்கவில்லை என்றே முதற்கட்ட விசாரணையில் சந்தேகித்தார்கள். "மெதுவாத்தானே போறோம்" என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நீளமான தலைமுடி, பாஸ் தொங்கும் கயிறு இரண்டையும் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் பெல்ட் லோடரில் முடி சிக்கி ஒரு பெண் ஊழியர் இறந்திருக்கிறார்.

படி 1: முதல் பத்து நிமிடம்

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள், கை பிரேக்கைப் போடச் சொல்லுங்கள். யாராவது வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தால் பதறிப்போய் வண்டியைப் பின்னால் எடுக்காதீர்கள், இரண்டாவது முறை ஏறுவது அப்படித்தான் நடக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் மீட்பவர்கள் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது மேல்.

ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைப்பது நமக்குப் பழக்கம், ஆனால் ஏர்சைடுக்குள் வெளி ஆம்புலன்ஸ் நேராக வர முடியாது, வாசலில் வழிகாட்டும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே விமான நிலையத்தின் அவசர எண்ணுக்கு முதலில் சொல்லுங்கள். அந்த எண்ணை இன்றைக்கே கைப்பேசியில் போட்டுவையுங்கள், அடிபட்ட பிறகு தேட முடியாது. சொல்ல வேண்டியது: பே எண் (விமானம் நிற்கும் இடத்தின் எண்), எத்தனை பேர், மூச்சும் நினைவும் இருக்கிறதா. "டெர்மினல் 2 பக்கம்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. முதுகிலோ கழுத்திலோ அடி என்றால் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தண்ணீர், மைலோ எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வரலாம். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக்கூடாது.

நசுங்கிய காயம் என்றால் இன்னொரு விஷயம், இது எனக்குத் தெரியாமல் இருந்தது. வெளியே தோல் கிழியாமல் இருக்கும், ஆனால் உள்ளே தசை வீங்கி ரத்த ஓட்டத்தை அடைத்துவிடலாம். காயத்தைப் பார்த்தால் சின்னது, வலி மட்டும் தாங்க முடியவில்லை, கால் கல் மாதிரி இறுகுகிறது, விரல் மரத்துப்போகிறது, விரலை லேசாக மடக்கினாலே உயிர் போகிறது என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போகாதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

படி 2: அன்றே, உங்கள் கையால்

ஏர்சைடில் படம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு, வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள் என்றால் பாஸுக்கே சிக்கல். அதனால் பாதுகாப்பு அதிகாரியையோ மேற்பார்வையாளரையோ எடுக்கச் சொல்லுங்கள், எடுத்ததை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் காயத்தையும் கிழிந்த காலணியையும் வெளியே வந்ததும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காலணியைத் தூக்கிப் போடாதீர்கள். என் காலணியில் சக்கரத் தடம் அப்படியே இருந்தது, ஐந்து மாதச் சண்டையில் கடைசியாக எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

இரவு வீட்டுக்குப் போனதும், அல்லது மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே, தமிழிலேயே எழுதுங்கள். நேரம், பே எண், விமான எண், மழையா வெளிச்சமா, எந்த வண்டி, அதன் எண், எந்த நிறுவனத்துடையது, யார் ஓட்டினார், யார் யார் பார்த்தார்கள், நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், அதற்கு முன் எத்தனை மணி நேரம் வேலை பார்த்திருந்தீர்கள். அதை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும்.

பிறகு முதலாளிக்கு ஒரு குறுஞ்செய்தி, எழுத்தில். மூன்றே வரி போதும்: இன்ன தேதி இன்ன நேரம் இன்ன வண்டி என்மேல் ஏறியது, எனக்கு இன்ன காயம், அந்த நேரத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் வண்டியின் பதிவேட்டையும் அழிக்காமல் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கேமராப் பதிவு என்றென்றும் இருக்காது, மேலே புதிது எழுதப்பட்டுக்கொண்டே போகும்.

படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் "நாளைக்குப் போடுறேன்" என்று சொல்லலாம், தப்பே இல்லை. "வழுக்கினார்", "தடுக்கினார்", "தானே மோதிக்கொண்டார்" என்ற சொற்கள் இருந்தால் நிறுத்துங்கள். ஓட்டியவர் நண்பர் என்பதால் மறைக்காதீர்கள். நான் மறைத்து அவருக்கும் நல்லது நடக்கவில்லை, பிற்பாடு இரண்டு பேரும் பொய் சொன்னதாக ஆயிற்று.

படி 3: மருத்துவரிடம் என்ன சொல்கிறீர்கள்

"கால் வலி" என்று சொல்லக்கூடாது. "வேலையில் இருந்தபோது டோலி சக்கரம் பாதத்தில் ஏறியது" என்று சொல்லுங்கள், அதை அவர் குறிப்பில் எழுதினாரா என்று கேளுங்கள். முதல் நாள் மருத்துவக் குறிப்புதான் பிற்பாடு எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் தாள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் தெரிந்த தாதியரைக் கேளுங்கள், சிங்கப்பூர் மருத்துவமனைகளில் யாராவது இருப்பார்கள்.

நிறுவனத்திலிருந்து கூட வருபவர் உங்களுக்காகப் பேச ஆரம்பித்தால், மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று சொல்லலாம். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டாம், இலகு வேலை எழுதிக் கொடுங்கள் என்று அவர் கேட்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி கிடைத்தால்தான் மனிதவள அமைச்சுக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்ததால் இந்தப் பழக்கம் வேரூன்றியது. 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் எம்சியோ இலகு வேலையோ எழுதினாலும் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே அந்தத் தந்திரத்தால் இப்போது அவர்களுக்கும் லாபமில்லை, பழக்கம் மட்டும் போகவில்லை.

படி 4: பத்து நாள்

முதலாளிக்கு விபத்து தெரியவந்ததிலிருந்து 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிக்கை போக வேண்டும். அனுப்பியாயிற்றா என்று எழுத்தில் கேளுங்கள், நகல் கேளுங்கள். அனுப்பாமல் விட்டால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. அவர்கள் அனுப்பவில்லை என்றால் உங்கள் உரிமை போய்விடாது, அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே கோரிக்கை போடலாம். அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். முதலாளி அறிக்கை கொடுத்ததாலேயே கோரிக்கையும் பதிவாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாமல், கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "தப்பு என்மேலதான் அண்ணே, நான்தான் கோட்டைத் தாண்டி நின்னேன், எனக்குக் கிடைக்குமா?" கிடைக்கும். 2019-ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், நாம் விக்கா என்று சொல்வது, யார் தப்பு என்று பார்ப்பதில்லை. வேலை காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் போதும். மது, போதை காரணமாக அடிபட்டதென்றாலோ நீங்களே இறங்கிய கைகலப்பு என்றாலோதான் பிரச்சினை. முதலாளி ஏற்பாடு செய்த பேருந்தில் வேலைக்கு வரும் வழியில் அடிபட்டாலும் இதில் சேரும். குடிமக்களோ, ஜொகூரிலிருந்து வருபவர்களோ, இந்தியாவிலிருந்து வந்தவர்களோ, ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியராக இருந்தால் எல்லாருக்கும் ஒரே சட்டம்.

படி 5: பணம், மூன்று பையில்

முதல் பை மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பின் நடந்த விபத்துக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை முதலாளி கட்ட வேண்டும். அதற்கு முந்தைய விபத்தென்றால் உச்சம் 45,000.

இரண்டாவது எம்சி நாட்களின் சம்பளம். வீட்டில் இருந்து ஓய்வெடுத்தால் முதல் 14 நாள், மருத்துவமனை விடுப்பென்றால் முதல் 60 நாள், முழுச் சராசரிச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சராசரி என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை, கடந்த 12 மாதத்தின் மிகைநேரச் சம்பளமும் சேர்ந்தது. அடிப்படை 1,900, மிகைநேரத்தோடு சராசரி 2,600 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு என்றால் மாதம் சுமார் 1,733 வெள்ளி, அடிப்படையை மட்டும் வைத்துப் போட்டால் 1,267 என்று கணக்குக் காட்டுவார்கள். சம்பளச் சீட்டு பன்னிரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். வழக்கமான சம்பள நாளில் இது வந்துவிட வேண்டும். இலகு வேலையால் வருமானம் குறைந்தாலும் அதற்கும் ஈடு உண்டு.

மூன்றாவது நிரந்தரப் பாதிப்புக்கான மொத்தத் தொகை. சராசரிச் சம்பளம், வயதுக்கான எண், பாதிப்பு விழுக்காடு மூன்றையும் பெருக்குவார்கள். முழுப் பாதிப்புக்குக் குறைந்தது 116,000, கூடியது 346,000 வெள்ளி, இதுவும் 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு. உங்களுக்கு 5 விழுக்காடு என்று எழுதினால் 5,800-க்கும் 17,300-க்கும் இடையில் வரும். அதனால்தான் ஒரு விழுக்காடு கூடுவதும் குறைவதும் சின்ன விஷயம் கிடையாது. மரணம் என்றால் குடும்பத்துக்கு 91,000 முதல் 269,000 வரை.

வேறு நிறுவனத்தின் வண்டி இடித்திருந்தால்

ரேம்ப்பில் இதுதான் அதிகம் குழப்பும். உணவு லாரி உங்களை இடித்திருக்கும், உங்கள் நிறுவனம் "அவங்ககிட்டப் போ" என்னும், அவர்கள் "உங்க ஆளு சிக்னல் தப்பாக் காட்டினார்" என்பார்கள். நீங்கள் இரண்டு பக்கமும் ஓட வேண்டியதில்லை. விக்கா கோரிக்கை உங்கள் சொந்த முதலாளியிடம், அவருடைய காப்புறுதி கட்டும், பிறகு அவர்கள் லாரிக்காரரிடம் வாங்கிக்கொள்வது அவர்கள் பாடு. இடித்த நிறுவனம் ஆங்பாவ் (உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணம்) மாதிரி ஏதாவது கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

விக்காவை விட்டுவிட்டு வழக்குப் போடவும் வழி இருக்கிறது, பொதுவாக மூன்று ஆண்டுக்குள். தொகைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் மற்றவரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும், வழக்கறிஞருக்குச் செலவாகும், தோற்றால் கையில் ஒன்றும் இருக்காது. ஒரே காயத்துக்கு இரண்டையும் வாங்க முடியாது. பாதம், விரல் மாதிரிக் காயங்களுக்கு விக்காவே போதும் என்பது என் எண்ணம். தண்டுவடம், கால் இழப்பு என்றால் முடிவெடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

படி 6: ஆறு மாதம், பிறகு 14 நாள்

விபத்து நடந்து ஆறு மாதம் ஆனதும், காயம் முழுதாக ஆறாவிட்டாலும், அப்போதைய நிலையை வைத்து மருத்துவர் நிரந்தரப் பாதிப்பை மதிப்பிடலாம். அந்தச் சந்திப்புக்கு வீரம் காட்டிக்கொண்டு போகாதீர்கள். நம் ஆட்கள் மருத்துவர் முன் "பரவாயில்லை டாக்டர்" என்பார்கள், வெளியே வந்து படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். எது முடியவில்லையோ அதைச் சொல்லுங்கள்: குந்தி உட்கார முடியவில்லை, விமான வயிற்றுக்குள் மண்டியிட்டுப் பெட்டி அடுக்க முடியவில்லை, ஏணியில் இடது காலை ஊன்ற முடியவில்லை. கூட்டிச் சொல்லவும் வேண்டாம், அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதன்பின் கணக்கீட்டு அறிவிப்பு வரும். தொகையோ விழுக்காடோ சராசரிச் சம்பளமோ தப்பென்றால் 14 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். விலாசம் மாறியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடிதம் பழைய வீட்டில் கிடக்கும்போதே நாள் ஓடிவிடும்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குப் பயம் வேறு மாதிரி. கோரிக்கை போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். அனுமதிச் சீட்டு ரத்தானாலும் கோரிக்கை முடியும்வரை தங்க அமைச்சு சிறப்பு அனுமதி கொடுக்க முடியும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளான வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2 ஆகிய இடங்களில் போய்க் கேளுங்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தால் முதலில் அங்கே.

வேலைக்குத் திரும்பும் நாள்

வேலைக்குத் தகுதி என்று மருத்துவர் எழுதுமுன் என்ன வேலை என்று விளக்குங்கள், "விமான நிலைய வேலை" என்றால் அவர் கவுண்டர் என்று நினைத்துக்கொள்வார். டிராக்டரின் பெடலை எத்தனை முறை மிதிக்கிறோம், ஒரு ஷிஃப்டில் எத்தனை பெட்டி தூக்குகிறோம் என்று சொன்னால்தான் இலகு வேலையின் எல்லையைச் சரியாக எழுதுவார். அந்தச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள், ஷிஃப்ட் மாறும்போது புது மேற்பார்வையாளருக்கு அது தெரிந்திருக்காது.

நான் திரும்பிப் போன முதல் நாள் டோலி வரிசைக்குப் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை, சக்கரச் சத்தம் கேட்டாலே கால் தானாகப் பின்வாங்கியது. இரண்டு வாரம் சரக்குப் பட்டியல் சரிபார்க்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.